ஆடித் தள்ளுபடியில் ஏழு கல் தோடு: ஒரு ரசீதை வரி வரியாகப் படித்தபோது

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தை எந்தத் தாளையும் தூக்கி எறிய மாட்டார். ரேஷன் கடை ரசீது, மருந்துச் சீட்டு, போன மாதத்து பஸ் டிக்கெட் என்று எல்லாம் அவருடைய பணப்பையில் மடித்து மடித்து இருக்கும். 2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஆடிப்பெருக்கு அன்று, வடசென்னையின் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் அவர் ஒரு ஜோடி வைரத்தோடு வாங்கினார். கொடுத்த பணம் 79,591 ரூபாய். அந்தப் பையில் கிடந்த உள்ளங்கை அளவுத் துண்டுச் சீட்டு ஒன்றுதான் பிறகு எங்கள் பக்கம் நின்ற ஒரே சாட்சி.

சவுகார்பேட்டையில் ஒரு நகைப் பட்டறையில் 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கல் எடை, நிகர எடை, செய்கூலி, வரி என்று நாள் முழுவதும் ரசீதுகளோடுதான் என் வேலை. ஆனாலும் அத்தை கடைக்குப் போன அன்று நான் உடன் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அத்தையின் சம்மதத்தோடு நடந்ததை முழுக்க எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

முதலில், ஏன் வைரத்தோடு என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டிக்கு ஏழு கல் தோடு ஒன்று இருந்தது. நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு கல். பின்னால் கனமான சுரை. தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு அந்தத் தோடு பலமுறை அடகுக் கடைக்குப் போய் வந்தது. கடைசி முறை திரும்பி வரவில்லை. பாட்டி அதற்குப் பிறகு காதில் வேப்பங்குச்சிதான் செருகியிருந்தார். அத்தைக்கு அந்தக் காட்சி மறக்கவில்லை. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும், சங்கிலி எத்தனை சவரன், வளையல் எத்தனை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காதில் ஏழு கல் வைரம் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது.

மூன்றாவது மாடியில்

அத்தை வீட்டார் அன்று கடைக்குப் போனது கல்யாணப் புடவைக்கு. கீழ்த் தளத்திலேயே பெரிய பலகை: வைர நகைகளுக்கு 40 சதவீதத் தள்ளுபடி. புடவை எடுத்த கையோடு மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

அங்கே இருந்த விற்பனைப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அன்பாகப் பேசியிருக்கிறாள். அத்தை கேட்ட முதல் கேள்வி, "இது ப்ளூ ஜாகர் கல்லாம்மா?" என்பது. நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இன்றும் கேட்பது அதைத்தான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த, லேசான நீலச் சாயல் கொண்ட வெள்ளைக் கற்களுக்கு வியாபாரிகள் வைத்த பெயர் அது. பாட்டி தலைமுறைக்கு நல்ல வைரம் என்றாலே ப்ளூ ஜாகர். ஆனால் இன்றைய சான்றிதழ் எதிலும் அப்படி ஒரு தரப்பெயர் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கல்லையும் அந்தப் பெயரால் அழைக்கலாம், சரிபார்க்க வழியில்லை.

அந்தப் பெண், "அதைவிட நல்லது அம்மா, இ.எஃப். கலர், வி.வி.எஸ்." என்றாள். நிறத்துக்கும் தெளிவுக்குமான உயர்ந்த தரக்குறிகள் அவை. அத்தைக்குப் புரியவில்லை. அவள் கால்குலேட்டருக்கு அருகில் இருந்த தாளைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவில் எழுதிக் கொடுத்தாள்: "7 கல், 56 சென்ட், இ.எஃப். வி.வி.எஸ்., 40% தள்ளுபடி போக." கீழே மொத்தத் தொகை. பிறகு பேனா போன்ற சோதனைக் கருவி ஒன்றை எடுத்து ஒவ்வொரு கல்லிலும் வைத்துக் காட்டினாள். பதினான்கு முறை "பீப்" என்றது. அத்தையின் மனத்தில் மீதமிருந்த சந்தேகமும் அதோடு போய்விட்டது.

இந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் பலர் இந்த "பீப்" சத்தத்தை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். வைரம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். கருவி அளப்பது அதை மட்டுமே. கண்ணாடியையும் அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கல்லையும் அது பிடித்துவிடும். ஆனால் மாய்சனைட் என்னும் செயற்கைக் கல்லைப் பழைய கருவிகள் வைரம் என்றே காட்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் "பீப்" என்றுதான் சொல்லும், அதுவும் வைரம்தானே. விலையில் பாதிக்கு மேல் வித்தியாசம் இருக்கும் இரண்டு வைரங்களுக்கு நடுவே அந்தக் கருவிக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நிறம், தெளிவு, பட்டை என்று விலையைத் தீர்மானிக்கும் எதையும் அது அளப்பதில்லை.

ரசீது

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் அத்தை வீட்டுக்குப் போனேன். தோட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே ரசீதைக் கேட்டேன். தொழில் பழக்கம். ரசீது முழுக்க ஆங்கிலம். உடன் கொடுத்த சான்றிதழ் அட்டையும் ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருந்து வரும் பெண்கள் வாங்கும் பொருளுக்கு, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் ஒரு வரி கூட இல்லை.

ரசீதில் இருந்தவை இவை.

18 காரட் தங்கம், நிகர எடை 4.600 கிராம், கிராமுக்கு 5,300 ரூபாய் வீதம்: 24,380 ரூபாய்.
வைரம் 0.56 காரட், காரட்டுக்கு 1,40,000 ரூபாய் வீதம்: 78,400 ரூபாய்.
வைரத்தில் தள்ளுபடி 40 சதவீதம்: 31,360 ரூபாய் கழிவு.
தள்ளுபடி போக வைரம்: 47,040 ரூபாய்.
செய்கூலி கிராமுக்கு 1,250 ரூபாய் வீதம்: 5,750 ரூபாய்.
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: 2,315 ரூபாய் 10 காசு.
ஹால்மார்க் கட்டணம் வரியோடு: 106 ரூபாய் 20 காசு.

தங்கத்திலிருந்து தொடங்கினேன். காரட் என்ற ஒரே சொல் ரசீதில் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் வேறு. தங்கத்தில் காரட் என்றால் தூய்மை. 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். வைரத்தில் காரட் என்றால் எடை. ஒரு காரட் 0.2 கிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். அப்படியானால் 0.56 காரட் வைரத்தின் எடை 0.112 கிராம். தோட்டின் மொத்த எடை 4.712 கிராம் என்று ரசீதில் இருந்தது. அதில் 0.112 போனால் 4.600. கல்லின் எடைக்குத் தங்க விலை போடவில்லை. இதில் கடை நேர்மையாகவே நடந்திருக்கிறது. கல் எடையைக் கழிக்காமல் மொத்த எடைக்கே தங்க விலை போட்ட ரசீதுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கழித்தலை முதலில் செய்வேன்.

தோட்டின் பின்புறம், தண்டுக்கு அருகில், மிகச் சிறிய எழுத்தில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 18 காரட் 750 என்ற குறியும் ஆறு எழுத்து எண்கள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியும் இருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட மையம் எல்லாம் வந்தன. தங்கம் சரி. (2 கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. ஒற்றைக் கல் கம்மல்கள் பலவும் அந்த எடைக்குள் வந்துவிடும், கேட்டு வாங்க வேண்டும்.) வரியிலும் குறை இல்லை, தள்ளுபடி போன தொகைக்குத்தான் 3 சதவீதம் போட்டிருந்தார்கள்.

ரசீதில் வைரம் இருந்த இடத்துக்கு வந்தேன். அங்கேதான் கண் நின்றது.

பலகையில் 40 என்று இருக்கிறது. ஆனால் தங்கத்துக்குத் தள்ளுபடி இல்லை, செய்கூலிக்கும் இல்லை. தள்ளுபடி இல்லாமல் வரிக்கு முந்தைய விலை 1,08,530 ரூபாய். அதில் குறைந்தது 31,360. கணக்குப் போட்டால் 29 சதவீதம் கூட முழுதாக இல்லை. அதையும் விடலாம். என் மனத்தைக் குடைந்தது வேறு. தங்கத்தின் விலையை அத்தை காலை நாளிதழிலேயே பார்த்துவிட்டுத்தான் போனார். எடையைத் தராசு காட்டியது. வரி அரசு வைத்தது. வாங்குபவர் சரிபார்க்க முடிந்த இந்த வரிகள் எதிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. அவரால் சரிபார்க்கவே முடியாத ஒரே வரியில்தான் தள்ளுபடி மொத்தமும் இருக்கிறது. காரட்டுக்கு 1,40,000 என்ற எண்ணை வைத்தது யார்? கடைதான். அந்த எண்ணிலிருந்து 40 சதவீதத்தைக் கழித்ததும் கடைதான். இரண்டு எண்ணும் ஒரே கையிலிருந்து வந்தவை. ஆகவே நான் அத்தையிடம் சொன்னேன்: "அத்தை, நாற்பதை மறந்துவிடுங்கள். நீங்கள் வைரத்தைக் காரட்டுக்கு 84,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். இந்தக் கல் அந்த விலை பெறுமா என்பது மட்டும்தான் கேள்வி."

அதற்குக் கல்லின் தரம் தெரிய வேண்டும். ரசீதில் தரம் எழுதப்படவில்லை. "வைரம், 14 எண்ணிக்கை, 0.56 காரட்", அவ்வளவுதான். ஒட்டியிருந்த உறையைக் கிழித்துச் சான்றிதழ் அட்டையை எடுத்தேன். இயற்கை வைரம் என்று இருந்தது, நல்லது. நிறம் என்ற இடத்தில் ஐ.-ஜே. என்றும், தெளிவு என்ற இடத்தில் எஸ்.ஐ. என்றும் இருந்தன.

அத்தை பணப்பையைத் திறந்து துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இ.எஃப். வி.வி.எஸ்.

லென்ஸுக்குக் கீழே

நிறத்துக்கான அளவுகோல் டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி இசட் வரை போகிறது. டி என்றால் நிறமே இல்லாதது. இ., எஃப். அதற்கு அடுத்தவை. ஐ., ஜே. வரும்போது லேசான மஞ்சள் சாயல் தொடங்கிவிடும். தெளிவுக்கு வேறு படிகள். வி.வி.எஸ். கல்லில் உள்ள குறை, பழகிய கண்ணுக்கும் பத்து மடங்கு லென்ஸில் தேடினால்தான் தட்டுப்படும். எஸ்.ஐ. கல்லில் அதே லென்ஸில் எளிதாகத் தெரியும். இந்தக் குற்றங்களுக்குத் தமிழில் காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று பழைய பெயர்களே உண்டு. கல்லைப் பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்ல.

திங்கட்கிழமை தோட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எங்கள் கல் பதிக்கும் ஆசாரி அண்ணனுக்கு நாற்பது ஆண்டு அனுபவம். அவர் முதலில் தோட்டை வென்னீரில் சோப்பு போட்டுக் கழுவி, மென்மையான துணியில் ஒற்றினார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கல்லைப் பார்க்கவே கூடாது என்பார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, ஜன்னல் ஓரத்துக்குப் போனார். வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் தோட்டைச் சாய்த்து வைத்தார். கடையின் கூரை விளக்குகளுக்குக் கீழே எல்லாக் கல்லும் வெள்ளையாக மின்னும். வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில், பக்கவாட்டில் பார்த்தபோது, கற்களில் பாலில் ஒரு சொட்டு மோர்க்குழம்பு விழுந்தது போல ஒரு மங்கல் மஞ்சள். தங்கத்தில் பதித்த கல் ஆனதால் அதன் பிரதிபலிப்பும் சேரும், துல்லியமாகச் சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். பதித்த கல்லுக்கு ஆய்வுக்கூடங்களும் அதனால்தான் ஐ.-ஜே. என்று ஒரு வரம்பாகத் தரம் சொல்கின்றன.

பிறகு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டார். இடது தோட்டின் ஆறு கல் வட்டத்தில் மூன்றாவது கல்லில் நிறுத்தினார். "இங்கே வா, பாரம்மா" என்றார். எனக்குப் பழகிய கண் இல்லை, நான் கணக்கு எழுதுகிறவள். எனக்கே தெரிந்தது. கல்லின் மேல்முகத்துக்குச் சற்றுக் கீழே, மிளகுத்தூளில் ஒரு துகள் போல, கறுப்புப் புள்ளி. அதன் நிழல் கீழ்ப்பட்டைகளில் விழுந்து நான்கைந்து புள்ளிகளாகத் தெரிந்தது. நானே பார்க்கக்கூடிய புள்ளி வி.வி.எஸ். கல்லில் இருக்க வழியில்லை. துண்டுச் சீட்டு தவறு, சான்றிதழ் அட்டை சரி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐ.-ஜே., எஸ்.ஐ. மோசமான கல் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் தங்கத்தில், இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்லில், எதிரே நின்று பார்க்கிறவருக்கு அந்தச் சாயல் தெரியாது. கையில் பணம் அளவாக இருப்பவர்களுக்கு நானே அதை வாங்கச் சொல்வேன். ஆனால் அதன் விலைக்கு.

பவளக்காரத் தெரு வழியாக

அதன் விலை என்ன? செவ்வாய்க்கிழமை மதியம் மண்ணடி மெட்ரோவில் இறங்கி, பவளக்காரத் தெரு வழியாக, நகைக்கடைகள் நிறைந்த என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு நடந்தேன்.

அந்தத் தெருவின் பெயர் எனக்கு எப்போதும் பிடிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து, அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போன யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. சென்னையின் வைர வியாபாரம் தொடங்கிய இடங்களில் ஒன்று. அந்தக் காலத்துப் பேரம் ஒன்று இந்த ரசீதுக்கு மிகவும் பொருந்துகிறது. ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட், 1700களின் தொடக்கத்தில் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை ஜம்சந்த் என்ற வணிகரிடம் வாங்கினார். கேட்ட விலை 2,00,000 வராகன். முடிந்த விலை 48,000 வராகன். இன்றைய பலகைக் கணக்கில் 76 சதவீதத் தள்ளுபடி. ஆனால் பிட்டுக்குக் கிடைத்த ஆதாயத்தை யாரும் அந்த 76ஐ வைத்துக் கணக்கிடுவதில்லை. அந்தக் கல் பட்டை தீட்டப்பட்டு, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் பிரபுவுக்கு 1,35,000 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்றது. அதனால்தான் வாங்கிய விலை மலிவு என்று தெரிகிறது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரீஜன்ட் வைரம் அதுதான்.

நான் மூன்று கடைகளில் கேட்டேன். பட்டறைக்காரி என்று சொல்லவில்லை, வாங்க வந்தவளாகவே கேட்டேன். நான்கு சென்ட் வட்டக் கல், பதினான்கு வேண்டும், சான்றிதழோடு. ஐ.-ஜே., எஸ்.ஐ. தரத்துக்கு ஒரு கடை காரட்டுக்கு 56,000 சொன்னது, மற்றொன்று 60,000, மூன்றாவது 62,000. இ.எஃப்., வி.வி.எஸ். தரத்துக்கு 88,000 முதல் 95,000 வரை. எங்கும் தள்ளுபடிப் பலகை இல்லை.

இப்போது அந்த 84,000ஐ மீண்டும் பாருங்கள். இ.எஃப்., வி.வி.எஸ். கல்லாக இருந்திருந்தால் அத்தைக்குக் கிடைத்தது உண்மையிலேயே நல்ல விலை. பலகை சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்த மூன்று கடைகள் சொன்னதைவிடக் குறைவு. கல் ஐ.-ஜே., எஸ்.ஐ. என்பதால், 60,000 என்று வைத்துக்கொண்டால் கூட, 33,600 ரூபாய்க் கல்லுக்கு 47,040 கொடுத்திருக்கிறார். 13,440 ரூபாய் அதிகம், வரி தனி. அத்தைக்கு அது எத்தனை மாதச் சீட்டுப் பணம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பப் போனது

ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள்: தள்ளுபடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அத்தை அதைக் கேட்டதும் தளர்ந்துவிட்டார். "அந்தக் காலத்தில் இப்படியா? அம்மா தோடு வாங்கியபோது பத்தர் கல்லைக் கையில் கொடுத்து, மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் பணம் கொடுங்கள் என்றாராம்" என்றார். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றி யார் என்ன நினைத்தாலும், அது வாங்குபவருக்குக் கொடுத்தது மூன்று நாள் அவகாசம். பகல் வெளிச்சத்தில் கல்லைப் பார்க்கலாம். நாலு பேரிடம் காட்டலாம். வேண்டாம் என்று மனக்கசப்பு இல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். அந்த மூன்று நாளை நாம் எப்போது இழந்தோம் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சட்டம் அத்தையைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, ஒரு பொருள் இன்ன தரம் என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் ஒன்றே. பின்பக்கத்து அச்சு வரியால் அதை அழித்துவிட முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். இவற்றை அத்தைக்கு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை இருவரும் போனோம். தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ரசீது, சான்றிதழ் அட்டை, துண்டுச் சீட்டு மூன்றின் நகலையும் இணைத்திருந்தேன். மூலத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது சொன்ன தரத்தில் கல்லைக் கொடுங்கள், காரட்டுக்கு அதே 84,000 வீதம், கோரிக்கை இவ்வளவுதான்.

மேலாளர் முதலில், "மேடம், சான்றிதழ் கொடுத்துவிட்டோமே, அதில் தரம் இருக்கிறது" என்றார். ஒட்டிய உறைக்குள், அவர் படிக்க முடியாத மொழியில் இருக்கிறது, உங்கள் ஊழியர் கையெழுத்தில் தமிழ் எழுத்தில் இது இருக்கிறது என்று நான் சீட்டின் நகலை நகர்த்தினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு இரண்டு தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு தட்டிலும் ஏழு கல் தோடுகள். ஒன்றில் இ.எஃப்., வி.வி.எஸ்., தள்ளுபடி 15 சதவீதம். மற்றொன்றில் ஐ.-ஜே., எஸ்.ஐ., தள்ளுபடி 40. நூலில் கட்டிய சிறு அட்டைகளில் இரண்டுக்கும் ஒரே பட்டியல் விலை: காரட்டுக்கு 1,40,000. தரத்தில் இவ்வளவு தூரம் இருக்கும் கற்களுக்கு ஒரே விலை எழுதியிருந்தால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் எப்படி வித்தியாசம் தெரியும்? பட்டியல் விலை கல்லைப் பார்த்து வைத்த விலை இல்லை என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அந்தப் பெண் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அத்தை மேலாளரிடம், "அவளை ஒன்றும் சொல்லாதீர்கள், என் மகள் வயது. அவள் எழுதிக் கொடுத்ததால்தான் எனக்கு வழி பிறந்தது" என்றார். நானும் அதையே சொன்னேன், கடிதத்தின் கடைசியில் கையால் எழுதியும் கொடுத்தேன்.

தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். நான்கு நாள் கழித்து, 12ஆம் தேதி திங்கட்கிழமை, சம்மதம் வந்தது. இ.எஃப்., வி.வி.எஸ். தட்டில் எங்களுக்குச் சரியான அளவில் இருந்தது 0.52 காரட் தோடு ஒன்று. நிகரத் தங்கம் 4.450 கிராம். அதே தங்க விலை, அதே செய்கூலி, காரட்டுக்கு அதே 84,000. மொத்தம் வரியோடு 75,119 ரூபாய். மீதி 4,472 ரூபாயைப் பரிசுக் கூப்பனாகத் தருகிறோம் என்றார்கள். அத்தை மறுத்துவிட்டார். பணமாகவே கொடுத்தார்கள்.

ஆசாரி அண்ணன் மதிய உணவு நேரத்தில் லென்ஸோடு வந்திருந்தார். சோப்பு, வெள்ளை அட்டை எல்லாம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தன. கடையின் மூன்றாவது மாடி ஜன்னல் ஓரத்தில் நின்று பதினான்கு கல்லையும் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. சான்றிதழ் எண்ணை நான் ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எடையும் எண்ணிக்கையும் தரமும் பொருந்தின. அவர் லென்ஸை மூடிவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

புதிய ரசீதில் தரத்தை எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர்களுடைய கணினியில் அதற்கு இடம் இல்லையாம். அந்தப் பெண்ணே பேனாவை எடுத்து, வைரம் என்ற வரிக்குப் பக்கத்தில், தமிழில், "இயற்கை வைரம், 14 கல், நிறம் இ.எஃப்., தெளிவு வி.வி.எஸ்." என்று எழுதினாள். மேலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

அன்று இரவு அத்தை தோட்டைச் சிறிய வெல்வெட் பெட்டியோடு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். மூன்று இரவு. நான்காம் நாள் காலை, நான் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில், போன் வந்தது.

"ஒத்துக்கொண்டது, கண்ணு" என்றார்.